சாவி கைமாறும் முன்: முதல் முறை மலைத்தடம் ஏறுவோரின் கோரிக்கைச் சாசனம்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் குடியிருப்பவர்கள் நாங்கள். வாடகைக்கு வண்டி எடுத்து, முதல் தடவையாகத் தார்ச்சாலையை விட்டு மண் தடத்தில் இறங்கியவர்கள். இனி இறங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம். மாவட்ட ஆட்சியர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், வனத்துறை, சுற்றுலாத் துறை, வண்டி வாடகைக்கு விடுவோர் அனைவரின் முன்னும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

எங்கள் ஊருக்கு மலை தூரமில்லை. துறையூரைத் தாண்டினால் பச்சைமலை. அதற்கு மேற்கே கொல்லிமலை, அதன் அடிவாரத்தில் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே புளியஞ்சோலை. காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், தார் என்று வண்டிகளுக்கும் குறைவில்லை. குறை எல்லாம் சாவி கைமாறும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

எங்களில் ஒருவர் ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை எடுத்துப் பச்சைமலை போனார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கம்பி எதற்கு என்று கொடுத்தவர் சொல்லவில்லை, எடுத்தவருக்குக் கேட்கத் தெரியவில்லை. மரவள்ளிக் காட்டை ஒட்டிய செம்மண் இறக்கத்தில் வண்டி அச்சு வரை புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. மலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்து விட்டார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும், முன்பே இருந்த கீறலுக்கு அட்வான்ஸில் பாதி பிடிக்கப்பட்டது. அதை ஒப்புக்கொள்ளும் வரை ஒரிஜினல் லைசென்ஸ் கைக்கு வரவில்லை. இதில் எதுவும் அபூர்வம் இல்லை என்பதால்தான் நாங்கள் ஒன்று சேர்ந்தோம்.

முதல் கோரிக்கை நம்பர் பிளேட்டைப் பற்றியது. தானே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும் என்பது சட்டம். காருக்கு 1989ஆம் ஆண்டுத் திட்டமும் இருசக்கர வண்டிக்கு 1997ஆம் ஆண்டுத் திட்டமும் இருக்கின்றன. ஆனாலும் வெள்ளைப் பலகைச் சொந்த வண்டிகள் நாள் வாடகைக்குப் போகின்றன. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு ஓடும்போது நடந்த விபத்தை ஏற்பதில்லை. இது எடுப்பவருக்குத் தெரியாது, கொடுப்பவருக்குத் தெரியும். திருச்சி மேற்கு, கிழக்கு, ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உரிமம் பெற்ற நிலையங்களின் பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும்.

முறையான வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, பொது இடத்தில் ஓடும் வண்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பொதுமக்களுக்குப் போக உரிமையில்லாத காட்டுத்தடத்தில் விபத்து நடந்தால் அந்தக் காப்பீடு செல்லுமா என்ற வழக்கு எழும். அந்த வழக்கைக் காயம்பட்டவர் தலையில் கட்டக்கூடாது. எந்தத் தடம்வரை காப்பீடு, அதற்கப்பால் யார் பொறுப்பு என்பதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு எண்ணே இல்லாத ஏ.டி.வி. வண்டிகளை வேலி போட்ட தனியார் திடலுக்கு வெளியே விடவே கூடாது.

இரண்டாவது, அரை மணி நேரப் பயிற்சி. மலையேறப் போவதாகச் சொல்பவரை மண் திடலில் ஓட்டவைத்துப் பார்க்காமல் சாவி கொடுக்கக் கூடாது. அந்த இரண்டாவது கம்பியில் ‘ஃபோர் லோ’வை எப்போது போடுவது, காய்ந்த தார்ச்சாலையில் ஏன் போடக்கூடாது, இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி எப்படி இறங்குவது, சரளையில் ஏ.பி.எஸ். இருந்தும் வண்டி நிற்க ஏன் தூரம் பிடிக்கிறது, சேற்றில் டயர் காற்றை எவ்வளவு குறைப்பது, திரும்ப அடிக்க பம்பு எங்கே இருக்கிறது: இவ்வளவும் சொல்லித்தர முப்பது நிமிடம் போதும். இழுவைக் கயிறு, கொக்கி, முதலுதவிப் பெட்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட் ஆகியவை வண்டியோடு வர வேண்டும். முதல் முறை போகிறவரைத் துணை வண்டி இல்லாமல் அனுப்பக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் உரிமத்தின் நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்கிறோம்.

அட்வான்ஸ், ஆவண விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. லைசென்ஸையோ ஆதாரையோ ஒரிஜினலாகப் பிடித்து வைக்காதீர்கள். வண்டி போகும்போதும் வரும்போதும் இருவர் முன்னிலையில் படம் எடுங்கள். எந்தப் பழுதுக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். அளவுக்கு மீறிய அட்வான்ஸும், நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதமும் நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

மூன்றாவது கோரிக்கை வனத்துறைக்கு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் நாற்பது நடைபாதைகளை வழிகாட்டிகளோடும் இணையப் பதிவோடும் அரசே திறந்துவிட்டது. காலால் ஏறுபவருக்குச் செய்ததைச் சக்கரத்தில் ஏறுபவருக்கும் செய்யுங்கள். அதற்கு இன்னொரு குரங்கணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பச்சைமலையில் காப்புக்காட்டுக்கு வெளியே எந்தத் தடத்தில் போகலாம், எதில் கூடாது, எந்த மாதம் அடைப்பு என்பதைக் கிராம சபைகளின் ஒப்புதலோடு வரையறுத்து, வரைபடத்தை ஒவ்வொரு வாடகை நிலையத்திலும் மாட்டுங்கள். அது மலையாளி என்னும் பழங்குடி மக்களின் வீட்டு வாசல், அவர்கள் தண்ணீர் எடுக்கும் ஓடை. வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் தடத்தில் எங்களுக்கும் வேலையில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கினால் அது அந்த ஊர்களுக்கே போக வேண்டும்.

கொள்ளிடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணல் பரந்து கிடப்பதைப் பார்த்துப் பழகும் திடல் என்று நினைத்து இறங்குகிறார்கள் எங்கள் இளைஞர்கள். அள்ளிய இடத்தில் பள்ளம் இருக்கிறது, மேலே மணல் மூடியிருப்பதால் தெரிவதில்லை. முக்கொம்பிலிருந்து உபரி நீர் வருவதும் இந்த ஆற்றில்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு அணையின் மதகுகளும் பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஆற்றில் வண்டி இறக்கத் தடை என்ற பலகையை ஒவ்வொரு இறங்குதுறையிலும் வையுங்கள். பழக இடம் வேண்டுமென்றால், ஊருக்கு வெளியே ஒரு புறம்போக்குத் திடலை ஒதுக்கிக் கொடுங்கள்.

எங்கள் பக்கத்து உறுதிமொழியும் உண்டு. குடித்துவிட்டு ஏற மாட்டோம். பதினெட்டு வயது ஆகாதவர் கையில் கொடுக்க மாட்டோம். சைலன்சரைக் கழற்ற மாட்டோம். குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம். விளைந்த நிலத்தில் சக்கரம் பட்டால் அங்கேயே நின்று ஈடு கொடுத்துவிட்டு வருவோம்.

மாவட்ட ஆட்சியர் அவர்களே, போக்குவரத்து அலுவலர், வன அலுவலர், பச்சைமலை ஊராட்சிகள், வாடகை நிலையத்தார், நாங்கள் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அழையுங்கள். மழை விட்ட முதல் சனிக்கிழமையே வண்டிகள் மலையேறக் கிளம்பிவிடும்.