வசூலாகாத அறுபது நாள் சம்பளம்

மதிப்பிற்குரிய அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கு,

'எல்லோ' லாரிக் கம்பெனி மூடப்பட்ட விவகாரம் உங்கள் துறைக்கு முடிந்துபோன கதையாகத் தோன்றலாம். அதன் 130 சரக்கு டெர்மினல்கள் 188 கோடி டாலருக்கு ஏலம் போயின. 2020இல் அரசு கொடுத்த 70 கோடி டாலர் கொரோனா காலக் கடன் வட்டியோடு திரும்பி வந்தது. ஓட்டுநர்களின் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை. இந்த நாட்டில் வரி கட்டி வாழும் தமிழர்களில் ஒருவராக அதைப் பற்றி எழுதுகிறேன்.

2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை, தொழிற்சங்கத்தில் இல்லாத ஊழியர்களுக்கு வேலை போனது. 30, ஞாயிற்றுக்கிழமை, டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சுமார் 22,000 பேருக்கு. மொத்தம் சுமார் 30,000 குடும்பங்கள். 1924இல் தொடங்கிய கம்பெனி, நூறு வயதுக்குச் சற்று முன்பு நின்றுவிட்டது. சங்கம் முரண்டு பிடித்ததால்தான் மூழ்கினோம் என்றது நிர்வாகம். ஆனால் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றத்தான் இதே தொழிலாளர்கள் 2009 முதல் 15 சதவீதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள், ஓய்வூதியத்துக்குக் கம்பெனி கட்டும் பங்கு குறைவதையும் ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்?

மறுநாள் திங்கட்கிழமை காலை முதல் சங்கக் கிளைகள் செய்த வேலை சாதாரணமானதல்ல. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னார்கள். வேலையின்மை உதவித்தொகைக்கு வழிகாட்டினார்கள். சேர்ந்திருந்த விடுப்புக்கான பணத்துக்கும் முன்னறிவிப்புக் காலச் சம்பளத்துக்கும் திவால் நீதிமன்றத்தில் போராடினார்கள்.

ஆனால் சங்கத்தால் மீட்டுத்தர முடியாத ஒன்று உண்டு: சீனியாரிட்டி. இந்தத் தொழிலில் எல்லாமே அதை வைத்துத்தான் ஓடுகிறது. எந்த ரூட், பகலா இரவா, எந்த வாரம் லீவு என்பதெல்லாம் சீனியாரிட்டிப் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இருபத்தைந்து வருடம் ஓட்டி, இரவுகளைக் கழித்து, கடைசியில் ஒரு பகல் ரூட்டைப் பிடித்தவர், புதுக் கம்பெனியில் போய்ச் சேரும்போது நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனுக்கும் கீழே நிற்கிறார். ஐம்பத்தைந்து வயதில் மறுபடி ராத்திரி வண்டி. எப்போது கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டிய நிலை.

அறுபது நாள் முன்னறிவிப்பு இருந்திருந்தால்? ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே திங்கட்கிழமை ஒரே வாசல்களில் போய் நின்றிருக்க வேண்டாம். ஒருவர் முன்கூட்டியே இடம் மாறியிருப்பார். இன்னொருவர் மருத்துவக் காப்பீடு அறுந்துபோகும் முன் மனைவியின் அறுவைச் சிகிச்சையை முடித்திருப்பார். 1988இல் நாடாளுமன்றம் முன்னறிவிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மூடுவதற்கு அறுபது நாள் முன்பே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அத்தனை நாளுக்கும் சம்பளம் தர வேண்டும் என்கிறது அது.

2025இல் டெலவேர் திவால் நீதிமன்றம் சங்கத் தொழிலாளர்களின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அது சொன்ன காரணத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி தொழில் நடத்தும் முதலாளியாக இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொத்தை விற்றுக் கடன் அடைக்கும் பொறுப்பாளராக மாறிவிட்டதாம்; பொறுப்பாளருக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம். திவால் மனு போட்டதோ ஆகஸ்ட் 6, அதாவது ஒரு வாரம் கழித்து. கடைசி நிமிடம் வரை கம்பெனியை இழுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகு ஆட்களை அனுப்பினால் அறுபது நாள் சம்பளம் மிச்சம் என்று இனி எந்த நிர்வாகமும் கணக்குப் போடலாம்.

நீதிபதியை நான் குறை சொல்ல வரவில்லை. இந்த விலக்கு சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. 1989இல் உங்கள் துறை விதிமுறைகளை வெளியிட்டபோது முன்னுரையில் சேர்த்த ஒரு விளக்கத்திலிருந்து பிறந்தது அது. திவால் நடவடிக்கையில் சொத்துகளை விற்றுக் கடனைத் தீர்க்க மட்டுமே நியமிக்கப்பட்டவரை மனதில் வைத்து எழுதியது. 1999இல் பிலடெல்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது 22,000 பேருக்கு எதிராக நிற்கிறது.

உங்கள் துறை எழுதியதை உங்கள் துறையே திருத்தலாம். திவால் மனு போடுவதற்கு முன் ஆட்களை நீக்கும் எந்த நிறுவனமும் முதலாளிதான் என்று விதியில் தெளிவாக எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். இந்தச் சட்டத்தை மீறுபவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உங்கள் துறைக்குக் கிடையாது. வேலை இழந்தவரோ அவர் சார்பில் சங்கமோ வக்கீல் பிடித்து வழக்குப் போட வேண்டியிருக்கிறது. சங்கம் இருந்த ஓட்டுநருக்கே இந்தக் கதி என்றால் சங்கம் இல்லாதவர் எங்கே போவார்? அந்த அதிகாரத்தைக் கேட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா அனுப்புங்கள். அதை எழுதும்போது டீம்ஸ்டர்ஸ் சங்கத்தையும், அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இழந்த ஓட்டுநர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு தமிழ் எழுத்தாளர்