பொய்க்காலில் ஒரே ஒரு மேட்ச்
பெர்ட் ஷெப்பர்டு, அமெரிக்காவின் இடது கை பேஸ்பால் பிட்சர். இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் போனார். 1944 மே மாதம் ஜெர்மனியில் அவர் விமானம் சுடப்பட்டு விழ, வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுத்தார்கள். சிறை முகாமில் சக கைதி ஒருவர் பொய்க்கால் செய்து தந்தார். அதை மாட்டிக்கொண்டு அங்கேயே பந்து வீசிப் பழக ஆரம்பித்துவிட்டார் மனிதர்!

ஊர் திரும்பியவரை வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. 1945 ஆகஸ்ட் 4. பாஸ்டன் ரெட் சாக்ஸ் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்த ஆட்டம். மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நிற்கும்போது ஷெப்பர்டை இறக்கினார்கள். வந்ததுமே ஒரு ஸ்ட்ரைக் அவுட்! கடைசிவரை வீசி, விட்டுக்கொடுத்தது ஒரே ரன். அணி தோற்றதில் அவர் பங்கு அவ்வளவுதான்.

அந்த சீசனில் அவரை மறுபடி இறக்கவில்லை. அதற்குப் பிறகும் மேஜர் லீக்கில் வாய்ப்பு வரவே இல்லை.