விளம்பரத்துக்கு எதற்குப் பூட்டு?

அமெரிக்காவில் வீடு விற்கிறவர்களிடமும், விற்றுக் கொடுக்கும் தரகர்களிடமும் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. விற்பனைக்கு வந்த வீட்டின் விவரம் வெறும் விளம்பரம். நாலு பேர் பார்க்கத்தானே போடுகிறோம், அதில் திருட என்ன இருக்கிறது? தரகர்கள் பொதுவில் வைத்து நடத்தும் எம்.எல்.எஸ். என்ற தகவல் களஞ்சியத்துக்கு இத்தனை கெடுபிடி எதற்கு என்பது அதிலிருந்து பிறக்கும் கேள்வி. உள்ளே போய்ப் பார்க்காதவரை நியாயமாகத்தான் படும்.

எம்.எல்.எஸ். ஒன்றல்ல. வட்டாரத்துக்கு ஒன்றாக நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு தரகர் பதிந்த வீட்டை அங்குள்ள மற்றத் தரகர்களும் தங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டலாம் என்பதே ஏற்பாடு. கணினி வருமுன் இது தடித்த புத்தகமாக அச்சாகி, உறுப்பினர் கைக்கு மட்டும் போனது. இன்று ஸில்லோ போன்ற வீட்டு விற்பனை இணையதளங்களில் பொதுமக்கள் பார்ப்பது அந்தக் களஞ்சியத்தின் முன்வாசலை. தரகரின் திரையில் கொல்லைப்புறமும் தெரியும். ‘ஏஜென்ட் குறிப்பு’ என்றொரு கட்டம், அதில் இந்த மாதிரி எழுதியிருக்கும்: “வீடு காலி. சாவிப்பெட்டி பின்பக்கத் தண்ணீர்க் குழாயில் தொங்குகிறது. நாய் உண்டு, கடிக்காது.” குடியிருப்பவர்கள் எந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதும் சில வீடுகளுக்கு உண்டு. அலாரத்தை அணைக்கும் எண்ணையே எழுதிவைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இதை விளம்பரம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வேடிக்கை என்னவென்றால், வீட்டுச் சாவியை உள்ளே வைத்துத் தொங்கவிடும் அந்தப் பெட்டி விஷயத்தில் இந்தத் தொழில் படு உஷார். சூப்ரா, சென்ட்ரிலாக் போன்ற மின்னணுச் சாவிப்பெட்டிகள், எந்த ஏஜென்ட் எத்தனை மணிக்குத் திறந்தார் என்று குறித்துவைக்கும். ஆனால் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் தளத்தின் பாஸ்வேர்டோ கை மாறிக்கொண்டே இருக்கும். சந்தா கட்டிய ஏஜென்ட் உதவியாளரிடம் கொடுப்பார். உதவியாளர் வேலையை விட்டுப் போன பிறகும் அதே பாஸ்வேர்டு. வீடு வாங்கிப் போடும் முதலீட்டாளரிடம் நட்புக்காகக் கொடுப்பவரும் உண்டு. இதைத் தடுக்கத்தான் சில எம்.எல்.எஸ்.கள் நிமிடத்துக்கு நிமிடம் எண் மாறும் சாவிக்கொத்துக் கருவியைக் கொடுத்துப் பார்த்தன. உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஆகஸ்ட் ஒரு சாட்சி. கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் இருக்கும் ராப்பட்டோனி நிறுவனம் பல எம்.எல்.எஸ்.களுக்கு மென்பொருள் கொடுத்து வந்தது. பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் கும்பல் அதன் கணினிகளை முடக்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து ஒஹையோவின் சின்சினாட்டி வரை தரகர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். புது வீட்டைப் பதிய முடியவில்லை. விலையைக் குறைத்தவர் குறைத்ததைச் சொல்ல வழியில்லை. விற்றுப்போன வீடு இன்னும் விற்பனைக்கு இருப்பதாகவே காட்டியது. தாங்களே பட்டியல் போட்டுக் காலம் தள்ளினார்கள். நாள் கணக்கில் இழுத்தது இந்த அவஸ்தை. திருட ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், முடக்க நிறைய இருந்தது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் தரகர் கூட்டம் தன் ஏகபோகத்தையே காக்கிறது என்பார்கள். பொய்யில்லை. இணையம் வழியே தொழில் செய்த தரகர்களுக்குத் தகவலை மறுத்ததற்காக அமெரிக்க நீதித் துறை, தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் மீது 2005-ல் வழக்குப் போட்டது. 2008-ல்தான் சமரசம் ஆனது. வாங்குபவரின் ஏஜென்டுக்கு எவ்வளவு கமிஷன் என்பது பல ஆண்டுகள் வாங்குபவர் கண்ணிலேயே படாமல் எம்.எல்.எஸ்.ஸுக்குள் கிடந்தது. கமிஷனையொட்டி எழுந்த வழக்குகளைத் தீர்க்க 41.8 கோடி டாலர் தர 2024 மார்ச்சில் சங்கம் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டிலிருந்து கமிஷன் விவரத்தை எம்.எல்.எஸ்.ஸில் போடக் கூடாது என்றானது. ஆனால் இந்தக் கதை எதைக் காட்டுகிறது? தன் கமிஷனைப் பொத்திவைக்கத் தெரிந்த தொழிலுக்கு, வீட்டுக்காரரின் அலாரம் எண்ணைப் பொத்திவைக்கத் தெரியவில்லை. விலை, பரப்பளவு, விற்பனை வரலாறு எல்லாம் தாராளமாகத் திறந்திருக்கட்டும். ஏஜென்ட் குறிப்பு அந்த வகையில் சேராது.

பக்கத்துத் தெருவில் நடந்ததையும் பார்க்கலாம். வீட்டுப் பத்திரங்களுக்குக் காப்பீடு செய்யும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் இணையதளத்தில் பக்க முகவரியின் ஓர் எண்ணை மாற்றினாலே அடுத்தவர் ஆவணம் திறந்தது. வங்கிக் கணக்கு எண்ணும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அடங்கிய 88.5 கோடி பதிவுகள் அப்படித் திறந்து கிடந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் 2019 மே மாதம் வெளியிட்டார். அங்கே பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வீட்டை விற்கக் கையெழுத்துப் போடும் நாளில் உரிமையாளர் விலை கேட்கிறார், கமிஷன் கேட்கிறார், எப்போது விற்கும் என்று கேட்கிறார். தன் அலாரம் எண்ணை எத்தனை பேர் படிப்பார்கள் என்று கேட்பதில்லை, ஏஜென்டும் சொல்வதில்லை. வீடு கைமாறியதும் சாவிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். படுக்கையறைப் படங்களும் பழைய பதிவும் களஞ்சியத்திலேயே தங்குகின்றன. புதிதாகக் குடிவந்தவர் முதல் வேலையாக வாசல் பூட்டை மாற்றுகிறார். அலாரம் எண் அப்படியே இருக்கிறது.