இரண்டாவது மேடை

வார இறுதி ஆடல் விழா என்றதும் அதனை வெறுங் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிற் பலர். ஆயினும் அத்தகைய விழாக்களை நடத்துவோரிடையே நிகழ்ந்துவரும் விவாதமொன்று, ஆடலுக்கும் இசைக்குமுள்ள உறவுபற்றிச் சிந்திக்கும் எவரும் செவிசாய்க்கத் தக்கது. சுவிங் எனப்படும் ஜாஸ் இசைக்கு ஆடப்படும் லிண்டி ஹொப் ஆடலைப் பயில்வோர், மேலைநாட்டு நகரங்கள் பலவற்றில், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை ஓரிடத்திற் கூடுகின்றனர். பகலிற் பாடம், இரவில் ஆடல். அந்த இரவுகளுக்கு இசை வழங்க வேண்டியவர் யார்? மேடையேறி வாசிக்கும் வாத்தியக் குழுவினரா, பழைய ஒலிப்பதிவுகளைத் தெரிந்தெடுத்து ஒலிக்கச் செய்யும் டீ.ஜே.யா? இதுவே வழக்கு.

டீ.ஜே. ஒருவரே போதும் என்பாருளர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. பன்னிருவர் கொண்ட குழுவொன்றை வரவழைத்து, உணவும் உறைவிடமும் அளித்து, ஊதியமும் கொடுப்பதற்கு ஆகும் செலவு எங்கே. மடிக்கணினியோடு வந்தமரும் ஒருவருக்கு ஆகும் செலவு எங்கே? அன்றியும், கவுண்ட் பேஸியின் குழு 1930களில் வாசித்ததற்கு நிகராக இன்று யார் வாசிப்பர் என்றும் அவர்கள் வினவுவர். மறுசாராரோ, மாண்டவர் வாசித்துவைத்த இசைக்கு உயிருள்ளோர் ஆடுவது முறையோ என்று சினப்பர். இருதிறத்தாரும் மறந்துவிட்ட செய்தியொன்று உண்டு. அதனைக் காண வேண்டுமாயின் இவ்வாடல் வளர்ந்த மண்டபத்துக்கே செல்லுதல் வேண்டும்.

நியூ யோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், லெனொக்ஸ் அவெனியூவில், 140ஆம் வீதிக்கும் 141ஆம் வீதிக்கும் இடையே நீண்டு கிடந்தது சவோய் ஆடல் மண்டபம். அது 1926ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே திறக்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட இடமளித்த மண்டபங்கள் அந்நாளைய அமெரிக்காவில் மிக அரியன. சவோய் அவற்றுள் ஒன்று. அங்கே மேடைகள் இரண்டு இருந்தன. ஒரு குழு தன் முறையை முடித்ததும் மற்றக் குழு தொடங்கும். ஆடுவோர் மூச்சுவாங்க நினைத்தால் ஒதுங்கி நிற்கலாமேயன்றி, இசை அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

இரு மேடைகள் இருந்தமையால் இரு குழுக்களிடையே போட்டியும் எழுந்தது. 1937ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், சுவிங் மன்னர் என்று நாடெங்கும் புகழப்பட்ட பென்னி குட்மன் தம் குழுவோடு சவோய்க்கு வந்தார். எதிர்மேடையில் அம்மண்டபத்தின் சொந்தக் குழு. அதன் தலைவர் சிக் வெப், இளமையிற் கண்ட என்புருக்கி நோயால் முதுகெலும்பு வளைந்த சிற்றுருவினர். முழவுகளின் பின்னே அமர்ந்தால் வேறொரு மனிதர். அன்றைய வெற்றி வெப்பினுடையதே என்று கூடியிருந்தோர் தீர்த்தனர். குட்மன் குழுவின் முழவுக் கலைஞர் ஜீன் க்ரூபா வெப்பின் முன் தலைவணங்கினார் என்று சொல்வர். குட்மன் குழுவினர் திறமையிற் குறைந்தவரல்லர். ஆனால் வெப்போ அத்தளத்தில் ஆடுவோரின் காலடியை இரவுதோறும் பார்த்துப் பார்த்து வாசித்தவர். இன்ன இடத்தில் அழுத்தினால் மண்டபம் எழும் என்பதை அறிந்தவர்.

பிராங்கி மானிங் என்னும் ஆடற் கலைஞர் 1935ஆம் ஆண்டளவில் அம்மண்டபத்துப் போட்டியொன்றிலே தம் துணையாடுநரை முதுகின்மேலாகப் புரட்டித் தரையிறக்கினார். லிண்டி ஹொப்பில் ஆளை வானில் எறியும் அடிகள் அன்றுதான் தொடங்கின என்பது மரபு. அன்று வாசித்தது வெப்பின் குழு. தாம் வைத்த அடிகளையெல்லாம் குழுவினர் இசையிலே பிடித்துக்கொண்டனர் என்று மானிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். எதிர்பாராத அடி ஒன்று விழுகிறது. அதற்கு முழவு மறுமொழி சொல்கிறது. இதனை எந்த ஒலிப்பதிவு செய்யும்? சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கும், ஆடுவோருக்கு வாசிக்கும்போது அவர்களுடைய தாளம் தம்மிடமே திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். நமக்கு இது புதிய கருத்தன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே, மாதவி மேடையேறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரின் தகுதிகளை இளங்கோவடிகள் எவ்வளவு நிதானமாக விரித்துரைக்கிறார் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அத்துணைப் பேரும் ஒருத்தியின் ஆடலுக்காகக் கூடியவர்கள்.

ஒலிப்பதிவின் குறையொன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். அக்காலத்து 10 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிட இசையே அடங்கும். மண்டபத்தில் ஒரு குழு ஆடுவோரின் ஊக்கத்தைப் பார்த்து நீட்டி வாசித்த உருப்படியும், பதிவுக்கூடத்திலே 3 நிமிடத்துள் நறுக்கப்பட்டது. நாம் இன்று அக்காலத்து இசை என்று கேட்பது பெரும்பாலும் அந்த நறுக்கலையே. தட்டிலே பயின்ற மாணவன் அதன் ஒவ்வொரு நிறுத்தத்தையும் மனப்பாடஞ் செய்துவிடுகிறான். நிறுத்தம் வருமுன்னரே காலைத் தூக்கி நிற்கிறான். குழு வாசிக்கும்போது அவ்வித்தை பலிப்பதில்லை. அடுத்து என்ன வருமென்று அவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் கேட்க வேண்டியவனாகிறான். குழுவுக்காகும் செலவைப் பெரிதெனக் கருதும் அமைப்பாளர், மாணவர் இரவிற் பெறும் இப்பாடத்தையும் கணக்கிற் சேர்ப்பாராக.

எனினும் ஒலிப்பதிவைப் பழிப்பது நன்றி கொன்ற செயலாகும். சுவிங் குழுக்கள் எவ்வாறு குன்றின என்பது அறியத்தக்கது. தம் வாசிப்பின் பதிவே தம் தொழிலைப் பறிக்கிறது என்றஞ்சிய அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெற்றில்லோவின் தலைமையில் 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்கள் இரண்டு 1944 நவம்பரிலேதான் இணங்கின. அதே ஆண்டில் ஆடலும் பாடலும் நிகழும் உணவு விடுதிகள்மீது 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது 20 சதவீதமாகக் குறைந்தும், பல விடுதிகள் ஆடல் தளத்தை மூடி, வாத்திய இசையோடு நின்றுகொண்டன. போர்க்காலத்து ஆட்குறைவும் மக்கள் சுவையின் மாற்றமும் சேர்ந்தன. சவோய் 1958இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் வீட்டுத்தொகுதி எழுந்தது. மானிங் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தபால் இலாகாவில் வேலைபார்த்தார்.

1980களில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் இளைஞர் சிலர் இவ்வாடலைத் தேடிப் புறப்பட்டபோது அவர்களுக்குக் கிடைத்தவை எவை? 1941இல் வெளிவந்த ‘ஹெல்சாபொப்பின்’ போன்ற திரைப்படங்களின் சில நிமிடங்கள்; மானிங்கைப் போன்ற முதியோர்; பழைய இசைத்தட்டுக்கள். இவ்வாடலுக்கென வாசிக்கும் குழுக்கள் அருகிவிட்ட காலத்தில், ஆடல் பிழைத்தது தட்டினாலேதான். மானிங் 2009இல் மறையும்வரை நாடு நாடாகச் சென்று கற்பித்தார். அவருடைய வகுப்புகளிற் பலவும் பதிவுகளைக் கொண்டே நடந்தன. இன்று இளங்குழுவினர் 1930களின் முறையில் வாசிக்க முயல்கின்றனர் என்றால், அவர்களும் அத்தட்டுக்களைக் கேட்டே கற்றவர்கள்.

டீ.ஜே.யின் பணியை விசைப்பலகையைத் தட்டும் பணி என்று எண்ணுவோர் ஓரிரவு அவர் பக்கத்திலே நின்று பார்க்கட்டும். ஓர் உருப்படி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காதிற் பொருத்திய கருவியில் அடுத்ததைத் தேடுகிறார். கண் மட்டும் தளத்தை விட்டு அகலுவதில்லை. நிமிடத்துக்கு 200 தட்டுக்கு மேற்பட்ட விரைவில் மூன்று உருப்படிகள் தொடர்ந்தால் புதிய மாணவர் சுவரோரம் ஒதுங்குவர். மெதுவானவையே தொடர்ந்தால் தேர்ந்தவர் தேநீர் குடிக்கப் போய்விடுவர். 1936இற் பதிவானதையும் 1956இற் பதிவானதையும் அடுத்தடுத்து வைக்கும்போது ஒலியளவு காதைக் குத்தாமல் சமப்படுத்தல் வேண்டும். நள்ளிரவு தாண்டி, களைத்த கால்களுக்கு எது பொருந்தும் என்பதை அறிதல் தனி அறிவு.

குழுவினரும் குற்றமற்றவர் அல்லர். ஆடுவோருக்கு வாசிக்கிறோம் என்பதை மறந்து, ஒருவர்பின் ஒருவராகத் தனிவாசிப்பில் இறங்கிப் பத்து நிமிடம் விடாது விரைந்து வாசிக்கும் குழுவை நான் ஆதரிக்கப் போவதில்லை. ஆடுவோர் நின்றபின்னும் வாசித்துக்கொண்டிருப்பவர் இசையரங்குக்குப் போகட்டும்; அங்கே அவருக்கு நாற்காலிகள் உண்டு. பேஸியின் குழுவில் பிரெடி கிரீன் தம் கிற்றாரில் ஆண்டுக்கணக்காகத் தாளத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தார். தனிவாசிப்புக்கு அவர் முந்தியதில்லை. மண்டபமோ அவர்மேல் நின்று ஆடியது.

ஆகவே நான் சொல்வது இது. டீ.ஜே. இருக்க வேண்டிய இடம் சவோயின் இரண்டாவது மேடை. இரு குழுக்களை அழைக்கும் வசதி இன்று சிலருக்கே உண்டு. எனவே குழு இளைப்பாறும் வேளையிலும், குழு சென்றபின் விடியும்வரையிலும் இசை அறாமற் காப்பது அவர் கடமை. அதற்குரிய மதிப்பையும் ஊதியத்தையும் அவருக்கு அளித்தல் வேண்டும். பல இடங்களில் நுழைவுச்சீட்டே அவருடைய ஊதியமாகிவிடுகிறது. ஆனால் முதல் மேடை வெறுமையாகக் கிடக்க, இரண்டாவது மேடையே விழா முழுவதையும் சுமப்பதற்கு நான் உடன்படேன். பெரிய குழுவுக்குப் பணமில்லையெனில் ஐவர் கொண்ட குழு போதும். மூன்று இரவுக்கு முடியாதெனில் சனி ஓர் இரவேனும் வேண்டும்.

அந்தச் சனி இரவில் டீ.ஜே. குழுவின் இறுதி உருப்படியைக் கேட்டவண்ணம் ஆயத்தமாக இருந்து, அதன் விரைவுக்கு இணங்கியதொன்றைக் கைதட்டல் ஓயுமுன்னே தொடங்கிவிடுதல் நன்று. மறுநாள் வகுப்புகள் பற்றிய அறிவித்தல்களை அவ்வேளையில் கால்மணி நேரம் வாசிக்கும் வழக்கத்தை அமைப்பாளர்கள் கைவிடலாம். அவற்றை வாயிலிலே ஒட்டிவைத்தால் படித்துக்கொள்ள மாட்டார்களா?