பழைய டயரில் பணம் யாருக்கு, கரி யாருக்கு?

பழைய டயரும் பிளாஸ்டிக் கழிவும் இன்று நல்ல விலை போகும் சரக்காகிவிட்டன. கழிவிலிருந்து செல்வம் பிறக்கும் என்று மந்திரிகள் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சிறிய முதலில் பெரிய லாபம் என்று யந்திர வியாபாரிகள் ஆசை காட்டுகிறார்கள். அந்தச் செல்வம் யாருடைய உழைப்பில் விளைகிறது, யாருடைய பெட்டியில் போய் விழுகிறது என்று கேட்பாரைத்தான் காணோம். ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அதைக் கேட்டாக வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பழையதை வீணாக்காதே என்று உழைப்பாளி மக்களுக்கு யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. லாரியில் தேய்ந்த டயர் மாட்டு வண்டிக்கு வந்தது. அதற்கும் ஆகாதபோது செருப்பாயிற்று. நாமக்கல், சங்ககிரி பக்கங்களில் லாரித் தொழிலை அண்டி ரீட்ரெடிங் பட்டறைகள் நடக்கின்றன. மொட்டை டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டி மறுபடி ஓடவிடுவது அங்கே பழகிய வேலை. கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. மில்களில் கழிவுப் பஞ்சையும், பழைய பெட் பாட்டிலை உருக்கி இழுத்த பாலியஸ்டர் இழையையும் நூலாக்கும் தோழர்களுக்கு நாம் இதை விளக்கவும் வேண்டியதில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின் மீது பிளாஸ்டிக் கழிவைப் பூசிப் பிறகு தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். அதை விற்றுக் காசாக்காமல் சர்க்காருக்கு இலவசமாகவே கொடுத்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. ஆகவே இந்தத் தொழிலே வேண்டாம் என்பது நம் வாதம் அன்று.

தொழில் எந்தப் பாதையில் போகிறது என்பதுதான் பிரச்னை. ஓய்ந்துபோன டயரை முதலில் ரீட்ரெட் செய்து பார்க்கலாம். அதற்கு ஆகாவிட்டால் அரைத்துத் தூளாக்கித் தாரில் கலக்கலாம், ரப்பராகவே மீட்டெடுக்கலாம். உலையில் வேகவைத்து எண்ணெய் வடிப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். போட்ட பணம் சீக்கிரம் திரும்புகிறது என்பதால் பலர் இந்தக் கடைசி வழிக்கே முதலில் ஓடுகிறார்கள்.

இதற்குப் பைராலிசிஸ் என்று பெயர். பெரிய இரும்பு உருளைக்குள் டயர்களை அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, சுமார் 400 முதல் 500 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். ரப்பர் ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் கிடைக்கிறது. குளிர்ந்தும் எண்ணெயாகாத பகுதி எரிவாயு. உருளையின் அடியில் மிஞ்சுவது கரித்தூளும் எஃகுக் கம்பியும். இடைவிடாமல் ஓடும் நல்ல யந்திரங்களும் உண்டு. அவற்றின் விலை அதிகம். ஆகவே சிறு முதலாளி இட்லி வேகவைப்பதுபோல் ஈடு ஈடாகத்தான் டயரை வேகவைக்கிறார். ஓர் ஈடு முடிந்ததும் கதவைத் திறந்து, கரியை வாரி, கம்பியை இழுத்துப் போட்டு, அடுத்த ஈட்டை ஏற்ற வேண்டும். உருளை சரியாக ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆறவிட்டால் மாதத்துக்கு இத்தனை ஈடு என்ற கணக்கு குறையும். ஆறுமுன் திறந்தால் உள்ளே தங்கிய வாயு காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றும். சூடு தணியாத கரியும் கனன்று எரியும். அந்தக் கதவின் முன்னால் நிற்பவன் கூலிக்கு வந்தவன். விபத்தே நடக்காத நாளிலும் அவன் நெஞ்சுக்குள் போவது அந்தக் கரித்தூள்தான். சுற்றியுள்ள வயலில் களை எடுக்கும் பெண்களின் கையிலும் அது படிகிறது.

2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் வாடாவில் இத்தகைய ஆலை ஒன்று வெடித்தது. இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் மாண்டார்கள். உலை வெடித்தால் எட்டும் தூரத்தில் குழந்தைகள் இருந்தார்கள் என்பதே அந்த ஆலை நடந்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறது. அங்கே வெந்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த டயர்கள் என்று பி.பி.சி. அறிவித்தது. பிரிட்டனில் ஆண்டுதோறும் சுமார் 5 கோடி டயர்கள் கழிகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி இந்தியாவுக்குக் கப்பலேறுகின்றன. எண்ணெய் வடிப்பதற்காக டயர் இறக்குமதி செய்யக் கூடாது என்று நம் சட்டமே 2022இல் தடை போட்டது. துறைமுகத்தில் ‘அரைத்து ரப்பராக்கப் போகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் தடை விலகிக்கொள்ளும் போலிருக்கிறது! ஆஸ்திரேலியாவோ பெரும்பாலான முழு டயர்களின் ஏற்றுமதியை 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. அனுப்புகிற தேசத்துக்கு உள்ள வெட்கம்கூட வாங்குகிற நம் சர்க்காருக்கு இல்லை.

கண்காணிப்பு இல்லையா என்று கேட்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த கணக்குப்படி, 637 டயர் எண்ணெய் ஆலைகளில் 251 மட்டுமே விதிகளைக் கடைப்பிடித்தன. 270 ஆலைகள் கடைப்பிடிக்கவில்லை. மீதி 116 மூடிக் கிடந்தன.

பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். விற்ற டயருக்குக் கம்பெனியே பொறுப்பு என்று 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் விதி செய்தது. முதலாண்டில் 35 சதவீதம், அடுத்த ஆண்டு 70, 2024-25இல் 100 சதவீதம் என்று இலக்கும் வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனி ஒரு டயரைக்கூடத் தொட வேண்டியதில்லை. மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழை விலைக்கு வாங்கிக் காட்டினால் கடமை தீர்ந்தது. எண்ணெய் வடிக்கும் ஆலைக்கும் அந்தச் சான்றிதழ் உண்டு. பிளாஸ்டிக்கிலும் இதே ஏற்பாடுதான். அதில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் 2023இல் அகப்பட்டன. காகிதத்துக்கு இப்படி ஒரு சந்தை நடக்கிறது. தெருத்தெருவாய்ப் பொறுக்கிச் சேர்த்தவனுக்கும் உலையடியில் கரி வாரியவனுக்கும் அந்தச் சான்றிதழ்ப் பணத்தில் எவ்வளவு பங்கு என்று விதியில் ஒரு வரி உண்டா?

இந்த நேரத்தில்தான் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கினார்கள். மின்விசையால் நடக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது பழைய சட்டம். 20 பேர் வேண்டும் என்பது புதிய சட்டம். பத்துப் பதினைந்து ஆட்களை வைத்துக்கொண்டு உலை எரிப்பவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்குமா? பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் தொழில் நோய் என்று சட்டத்தில் ஏறியிருக்கிறது. கரித்தூள் வாருகிறவனோ தான் வேலை செய்கிற இடம் தொழிற்சாலைதான் என்பதையே நிரூபிக்க முடியாமல் நிற்கிறான்.

ஆனாலும் கையில் ஆயுதமே இல்லை என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். இந்த டயர் விதி தனியாக நிற்பதன்று. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது அது. அவற்றில் 5ஆவது விதி சொல்வதைப் பாருங்கள்: மறுசுழற்சித் தொழிலாளர்களை மாநிலத் தொழிலாளர் துறை அங்கீகரித்துப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் குழுக்களாகச் சேர்ந்து தாங்களே ஆலை அமைக்க உதவ வேண்டும், அவர்களுக்குத் தேர்ச்சி அளிக்க வேண்டும், பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும். ஆலைக்கு இடம் ஒதுக்குவதும் சர்க்காரின் பொறுப்பு. நாம் வீதியில் நின்று கேட்க வேண்டியதைச் சட்டமே பாதி எழுதி வைத்திருக்கிறது. முதலாளிக்குச் சாதகமான விதி மட்டும் ஓடுகிறது. இந்த விதி தூங்குகிறது.

தொழிலாளரால் தொழில் நடத்த முடியுமா என்று சிலர் சிரிப்பார்கள். புனே நகரத்தில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 1993இல் சங்கம் கட்டினார்கள். ‘ஸ்வச்’ என்ற அவர்களுடைய சொந்தக் கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடு வீடாகக் கழிவு எடுப்பது அவர்கள் வேலை. வீட்டார் கட்டணமும் பிரித்து விற்கும் சரக்கின் விலையும் அவர்கள் வருமானம். அங்கே செய்ததை நாமக்கல்லில் ரீட்ரெடிங்குக்கும், ஈரோட்டில் பிளாஸ்டிக்குக்கும் செய்ய என்ன தடை?

சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் இந்த வேலையை உடனே தொடங்க வேண்டும். தங்கள் வட்டாரத்தில் டயர் வேகவைக்கும் இடங்கள், பிளாஸ்டிக் உருக்கும் கொட்டகைகள் எங்கெங்கே உள்ளன என்று ஊர் வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த மாநிலத்தவர், உருளையை எத்தனை மணி நேரம் ஆறவிடுகிறார்கள், கூலி என்ன, குடும்பம் எங்கே தங்குகிறது, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்பதையெல்லாம் விசாரித்து எழுத வேண்டும். இரவில் புகை விடும் ஆலையை இரவில் போய்ப் பார்க்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளியிடம் அவன் பாஷை தெரிந்த தோழரை அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், மாவட்டத் தொழிலாளர் துறை அதிகாரியிடமும் ஊர்வலமாகச் சென்று கொடுத்து, 5ஆவது விதிப்படி இதுவரை எத்தனை பேரைப் பதிவு செய்தீர்கள் என்று எழுத்து மூலம் பதில் கேட்க வேண்டும். வரும் பதில்களை நமக்கு அனுப்பினால் மாவட்ட வாரியாக இதே பக்கத்தில் வெளியிடுவோம்.