பீரங்கியை எங்கே நிறுத்துவது?

சதுரங்கப் பலகையை விரித்து, நம் வீட்டுப் பிள்ளைகளிடம் "மந்திரியை எடு" என்று சொல்லிப் பாருங்கள். தாத்தாவிடம் ஆடப் பழகிய பிள்ளை, குறுக்காக ஓடுகிற கூர்தலைக் காயை எடுக்கும். பள்ளியில் மலாயில் பழகிய பிள்ளை ராணியின் மீது கை வைக்கும். மலாயில் 'மெந்தெரி' என்றால் அதுதான். யானை என்றாலும் இதே கூத்து. நமக்கு யானை மூலையில் நிற்கும்; மலாயில் 'காஜா' என்பது நாம் மந்திரி என்று சொல்லும் காய். அவர்கள் மூலைக் காயை 'தீர்' என்கிறார்கள். அது நம்முடைய 'தேர்'தான் என்பது சொல்லாராய்ச்சி செய்தவர்களின் கருத்து. நாம் பலகையிலிருந்து இறக்கிவிட்ட தேரை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால், இரண்டு பேரும் சரி. பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரிதான். குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்வார், அவ்வளவே. யானை குறுக்காக இரண்டு கட்டம் தாவும். மூலையில் தேர். இந்தியாவில் சில பகுதிகளில் யானை மூலைக்குப் போனது, தேர் காணாமல் போனது. அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன மந்திரி அங்கே ராணியானார். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின், இத்தாலி பக்கம் யாரோ அந்த ஒரு கட்டத்துக் காய்க்கு எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும் உரிமையைக் கொடுத்தார்கள். இத்தாலியர்கள் அதை 'வெறிபிடித்த' சதுரங்கம் என்றார்கள். இன்று உலகம் முழுதும் ஆடுவது அந்த வெறிபிடித்த ஆட்டத்தைத்தான்.

இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய அவசியம் சில மாதங்களுக்கு முன் வந்தது. அண்ணன் மகனுக்கு 12 வயது. வாரம் இரண்டு நாள் சதுரங்க வகுப்புக்குப் போகிறான். என் மகளுக்கு 10 வயது. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள். அவன் முதல் எட்டு, பத்து நகர்வுகளை யோசிக்காமலே டக் டக்கென்று வைப்பான். இவள் ஒவ்வொன்றாக யோசித்து வைப்பாள். பத்தாவது நகர்வில் ஒரு குதிரை போயிருக்கும். ஒருநாள் இவள் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, "அண்ணன் என்கூட ஆடலப்பா. அவங்க சார் ஆடுறாரு" என்றாள். அதன்பிறகு பல வாரம் பலகை அலமாரியை விட்டு இறங்கவில்லை.

அவள் சொன்னதையே வேறு வார்த்தையில் உலகச் சாம்பியனாக இருந்த ஒருவரும் சொல்லியிருக்கிறார். தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வது ஆட்டத்தைக் கொன்றுவிட்டது என்பது பாபி ஃபிஷரின் வாதம். 1996 ஜூன் மாதம் பியூனஸ் அயர்ஸ் நகரில் அவர் ஒரு மாற்று ஆட்டத்தை அறிவித்தார். காய்கள் நகரும் விதம் மாறாது. பின்வரிசையில் அவை நிற்கும் இடம் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குலுக்கல் முறையில் மாறும். நிபந்தனை இரண்டுதான்: மந்திரிகள் இரண்டும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவே எங்காவது நிற்க வேண்டும்.

இப்படி எத்தனை விதமாக அடுக்கலாம்? கணக்கு எளிது. வெள்ளைக் கட்ட மந்திரிக்கு 4 இடம், கறுப்புக் கட்ட மந்திரிக்கு 4 இடம். மிச்சமுள்ள 6 கட்டங்களில் ஒன்று ராணிக்கு. பிறகு 5 கட்டத்தில் இரண்டு குதிரைகளை 10 விதமாக நிறுத்தலாம். கடைசி மூன்று கட்டத்தில் யானை, ராஜா, யானை என்று தானாக அமைந்துவிடும். 4, 4, 6, 10 நான்கையும் பெருக்கினால் 960. அதனால்தான் அதற்கு செஸ் 960 என்று பெயர். நாம் வழக்கமாக அடுக்குவதும் அந்த 960-இல் ஒன்று. 2019-இல் நார்வேயில் இதற்கு அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தபோது, வெஸ்லி சோ இறுதியாட்டத்தில் மேக்னஸ் கார்ல்சனையே வென்றார்.

வீட்டில் இதற்கு ஒரு பகடை போதும். மந்திரிகளுக்கு உருட்டும்போது 5, 6 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். வெள்ளைக்கு எப்படி விழுகிறதோ அதேபோல் கறுப்புக்கும் எதிரெதிராக அடுக்க வேண்டும். முதல் ஞாயிறு பகடையை உருட்டி அடுக்கியதும் அண்ணன் மகன் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராணி மூலையில் நின்றாள். அவனுடைய சார் சொல்லித்தந்த எதுவும் அங்கே இல்லை. அன்றும் அவன்தான் வென்றான். ஆனால் முதல் நகர்வுக்கே இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். முடிந்ததும் மகள் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொன்னு போடலாமா?" என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. "மாவட்டப் போட்டிக்கு மூணு மாசம்கூட இல்ல தம்பி. இதெல்லாம் ஆடினா அவன் குழம்பிட மாட்டானா?" என்றார். நியாயமான கேள்விதான். வகுப்புக்குப் பணம் கட்டுவது அவர். போட்டி மேசையில் பகடை இருக்காது. நான் விஸ்வநாதன் ஆனந்தைத் துணைக்கு அழைத்தேன். 2021-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் அவரும் விளாடிமிர் கிராம்னிக்கும் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். ராஜாவைக் கோட்டைக்குள் ஒளித்துவைக்கும் 'கேஸ்ட்லிங்' நகர்வே கிடையாது என்பது அதன் ஒரே விதி மாற்றம். அதைப் பரிந்துரைத்தவர் கிராம்னிக். ஆல்ஃபாஜீரோ என்ற கணினி நிரல் தனக்குத்தானே ஆடிச் சோதித்தும் பார்த்தது. ஆனந்த் 2.5 - 1.5 என்று வென்றார். "ஆனந்த் குழம்பிப் போயிடலையே அண்ணி" என்றேன். "அவர் உலகச் சாம்பியன் ஆன பிறகு ஆடினாரு. இவனும் ஆகட்டும், அப்புறம் ஆடட்டும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வாரநாளில் வகுப்பு ஆட்டம், ஞாயிறு மாலை மட்டும் பகடை என்று உடன்பாடாயிற்று.

பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. அடுக்கை மாற்றலாம் என்றால் காயை மாற்றக்கூடாதா? பக்கத்துக் கோப்பிக் கடையில் சீனத் தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடுவதை மகள் பார்த்திருக்கிறாள். அதில் பீரங்கி என்று ஒரு காய் உண்டு. நகரும்போது நம் யானையைப் போல நேராகப் போகும். வெட்டும்போது மட்டும், நடுவில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும். அதைத் தாண்டிக் குதித்துத்தான் அடுத்த காயை வெட்டும். நடுவில் நிற்பது தன் காயாகவும் இருக்கலாம், எதிராளியின் காயாகவும் இருக்கலாம். மகளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. யானைகளை எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் பீரங்கி என்றாள். போத்தல் மூடிகள் பீரங்கிகளாயின.

ஆட்டம் தொடங்கியது. மகளின் மூலைப் பீரங்கி முன்னால் நின்ற தன் சிப்பாயைத் தாண்டி, எதிர் மூலைச் சிப்பாயை முதல் நகர்விலேயே வெட்டியது. அங்கே யானை நின்றிருந்தால் திருப்பி வெட்டியிருக்கும். ஒட்டி நிற்கிற காயைப் பீரங்கியால் வெட்ட முடியாதே! அண்ணன் மகன் அசரவில்லை. வந்து நின்ற அவள் பீரங்கியையே படிக்கல்லாக வைத்துத் தாண்டி, அவளுடைய ஓரச் சிப்பாயை வெட்டினான். மறு ஓரத்திலும் இதே கதை. ஆளுக்கு இரண்டு நகர்வில் நான்கு ஓரச் சிப்பாய்களும் காலி. சிரித்துச் சிரித்து ஆடினார்கள். இரண்டாவது தடவை ஆடும்போது சிரிப்பு வரவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டதே.

சீன ஆட்டத்திலும் பீரங்கி முதல் நகர்விலேயே எதிராளியின் குதிரையை வெட்டலாம். ஆனால் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் தேர் காவல் நிற்கிறது. உடனே பீரங்கி போய்விடும். எனவே யாரும் அவசரப்படுவதில்லை. அந்தத் தாத்தாக்களின் ஆட்டத்தில் பீரங்கி நிற்கிற இடம் சும்மா அமைந்ததில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. காயைக் கடன் வாங்கினோம்; அதைக் கட்டிப்போட்ட காவலை விட்டுவிட்டு வந்தோம்.

இங்கேதான் அண்ணன் மகனின் வகுப்புப் படிப்பு கைகொடுத்தது. தொடக்க அடுக்கில் எந்தச் சிப்பாய்க்கு யார் காவல் என்பது அவனுக்கு அத்துப்படி. குதிரையை மூலைக்கு அனுப்பி, குதிரை இருந்த இடத்தில் பீரங்கியை வைக்கச் சொன்னான். அந்த வரிசையில் எதிரே நிற்கும் சிப்பாய்க்கு மந்திரி காவல். பீரங்கி வெட்டினால் மந்திரி பீரங்கியை வெட்டும். ஒரு சிப்பாய்க்காக யாரும் பீரங்கியைக் கொடுக்க மாட்டார்கள். ஆடிப் பார்த்தோம். யாருமே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மந்திரியை வெளியே எடுத்தால் வீட்டுச் சிப்பாய் அநாதையாகிவிடுகிறது. வழக்கமான ஆட்டத்தில் கேள்வியே கேட்காமல் வெளியே எடுக்கிற காயை, இங்கே எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு காயை ஒரு கட்டம் தள்ளி வைத்ததற்கு இவ்வளவு!

இன்னொரு சிக்கல் கடைசியில் தெரிந்தது. பலகையில் காய்கள் குறையக் குறையப் பீரங்கியின் பலம் குறைகிறது. தாண்டுவதற்கு ஆள் வேண்டுமே. ராஜாவும் பீரங்கியும் மட்டும் மிஞ்சினால் எதிர் ராஜாவை மடக்கவே முடியாது. யானைகளே இல்லாததால் ஆட்டம் பலமுறை சமனில் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் பீரங்கி, மறுபக்கம் பழையபடி குதிரையும் யானையும் என்பது மகளின் யோசனை. இப்போது அப்படித்தான் ஆடுகிறார்கள்.

மாற்றுச் சதுரங்கங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்து வருகிறது. கூட்டுவது சுலபம். 1920-களில் காப்பாபிளாங்கா, எல்லா ஆட்டமும் சமனில் முடியும் காலம் வந்துவிடும் என்று பயந்து, 10-க்கு 8 பலகையும் இரண்டு புதிய காய்களும் முன்மொழிந்தார். ஒன்று மந்திரியும் குதிரையும் சேர்ந்தது, மற்றது யானையும் குதிரையும் சேர்ந்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் சொல்லியும் அந்தப் பலகை நம் ஊர்க் கடைக்கு வரவில்லை. டேவிட் பிரிட்சர்ட் 1994-இல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் 1,400-க்கும் மேற்பட்ட மாற்று ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை சிரித்து ஆடுவதற்கே உதவும் என்பது என் கணிப்பு. எங்கள் முதல் பீரங்கி ஆட்டத்தைப் போல.

எடுத்துவிடுவதில் சில நல்ல ஆட்டங்கள் கிடைத்திருக்கின்றன. 1956-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மேனியாக் என்ற கணினிக்குச் சதுரங்கம் சொல்லித்தந்தார்கள். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு முழுப் பலகையைச் சமாளிக்கும் திறன் இல்லை. எனவே மந்திரிகளை எடுத்துவிட்டு 6-க்கு 6 கட்டத்தில் ஆட வைத்தார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சதுரங்கம் கிடையாது; பழைய பலகையில் இரண்டு ஓரத்தைத் தாளால் மறைத்தால் போதும். தம்பி, தங்கை அழுதுகொண்டு எழுந்து போகும் வீடுகளில் இதை ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பத்துக்கு ஏழு ஆட்டம் இன்னமும் அண்ணன் மகன்தான் வெல்கிறான். மாவட்டப் போட்டி அடுத்த மாதம். அண்ணி நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குள் இப்போது ஓடும் சண்டை வேறு: கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய் பீரங்கியாக மாறலாமா? மாறலாம் என்கிறாள் மகள். ராணியாகலாம் என்றிருக்கும்போது யார் பீரங்கியாக மாறுவார்கள் என்கிறான் அவன். அப்படி மாறினால்தான் வெல்ல முடியும் என்கிற ஒரு நிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டுகிறேன் என்று அவள் மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். போத்தல் மூடி ஒன்று தொலைந்துவிட்டதால், அவளுடைய பீரங்கியாக இருபது காசு ஒன்று நிற்கிறது.