அங்கே விற்கும் கருவி இங்கே செல்லுமா?

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், பிளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட இணைய வணிகத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. வாக்கி டாக்கிகளை, அவை எந்த அலைவரிசையில் இயங்குகின்றன, உரிமம் தேவையா, அரசின் ஒப்புதல் பெற்றவையா என்று எதுவும் சொல்லாமல் விற்றார்கள் என்பதே குற்றச்சாட்டு. அந்த மாத இறுதியிலேயே இதற்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்துவிட்டன.

இது பெரிய கம்பெனிகளின் விவகாரம், நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். ஊர் திரும்பும்போது பெட்டியில் ஏதேனும் ஒரு மின்னணுக் கருவி இருக்கும். துபாயில் மொத்தமாக வாங்கி இங்கே கடை போடலாம் என்று திட்டமிடும் இளைஞர்களும் உண்டு. "அங்கே கடையில் பகிரங்கமாக விற்கிறார்களே, இங்கே மட்டும் என்ன தடை?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

பதில் அலைவரிசையில் இருக்கிறது. வானொலி அலைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. அதனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்து அலைகளைப் பங்கிட்டிருக்கிறது. சவூதியும் அமீரகமும் முதல் மண்டலம், அமெரிக்கா இரண்டாவது, இந்தியா மூன்றாவது. மண்டலத்துக்குள்ளும் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிகள் உரிமமின்றி இயங்கலாம். இங்கே அந்த வரிசையில் செல்போன் சேவை ஓடுகிறது. அந்தத் தொலைபேசியைக் கொண்டுவந்து இயக்கினால் தெருவிலுள்ளவர்களின் செல்போன் பேச்சு கெடும். நம் நாட்டில் வாக்கி டாக்கிக்கு உரிம விலக்குள்ள வரிசை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். அதில் குறைந்த திறனில் இயங்கும் கருவிக்கு உரிமம் வேண்டாமே தவிர, கருவிக்கான ஒப்புதல் கட்டாயம்.

வெளிநாட்டுக் கருவி ஒன்று இந்தியச் சந்தைக்குள் வர, அதன் வகையைப் பொறுத்துப் பல கதவுகளைக் கடக்க வேண்டும். அலைகளை வெளியிடும் கருவி என்றால் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவு தரும் ஒப்புதல் வேண்டும். செல்போன், சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு வேண்டும். தொலைத்தொடர்பு வலையமைப்பில் இணையும் கருவிகளுக்கு 2019 அக்டோபர் முதல் படிப்படியாகக் கட்டாயப் பரிசோதனை வந்திருக்கிறது. விற்பனைக்கு வரும் செல்போன்களின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அரசுத் தளத்தில் பதிவதும் 2023 ஜனவரி முதல் கட்டாயம். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்காகப் பொறுப்பேற்று விண்ணப்பிக்க இந்தியாவில் ஒரு பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

இந்தக் கெடுபிடி நம் நாட்டில் மட்டுமல்ல. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோன் வெளிநாடு போனால் அங்கும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அமீரகத்தில் டி.டி.ஆர்.ஏ., சவூதியில் சி.எஸ்.டி., சிங்கப்பூரில் ஐ.எம்.டி.ஏ. என்று அந்தந்த நாட்டு ஆணையத்தின் ஒப்புதலில்லாமல் கடைக்குப் போக முடியாது. இந்திய முத்திரை அங்கே செல்லாதது போலவே அந்நாட்டு முத்திரையும் இங்கே செல்லாது.

கடை போட நினைப்பவர் பணம் புரட்டிச் சரக்கு எடுப்பதற்கு முன் முதலில் ஒரு மாதிரியையும் அதன் பரிசோதனை அறிக்கையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். ஒப்புதல் எண் யார் பெயரில், எந்த மாடலுக்கு என்று சரிபார்க்க வேண்டும். சரக்கு சுங்கத்தில் நின்றுவிட்டால், தங்கையின் நகையை அடகு வைத்துப் போட்ட முதல் அங்கேயே நிற்கும். ஒப்புதல் இல்லாததை மறைத்து விற்பதோ, குறையை மறைத்து விற்கும் வியாபாரம்தான். அது ஹலாலா என்று தனியாக ஃபத்வா கேட்க வேண்டியதில்லை.

வியாபாரம் செய்யாதவர்களுக்கும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சாட்டிலைட் போன். அமீரக நிறுவனமான துரயாவின் போன் வளைகுடாவில் சாதாரணமாகக் கிடைக்கும். இந்தியாவிலோ துரயா, இரிடியம் போன்களை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் இத்தகைய போன் பயன்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். "ஊரில் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் தரும் பார்சலை அமானிதமாக வாங்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து வாங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஜாமரும் சிக்னல் பூஸ்டரும். தொழுகை நேரத்தில் செல்போன் ஒலிக்காமலிருக்கப் பள்ளிவாசலில் ஜாமர் வைக்கலாமா என்று சில நிர்வாகிகள் கேட்கிறார்கள். நோக்கம் நல்லது, வழி சரியில்லை. தனியார் ஜாமர் வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம், பூஸ்டருக்கும் அப்படியே என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவுபடுத்தியது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் ஒருவர் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியிருந்தால் என்ன ஆகும்? "செல்போனை அணைத்துவிடுங்கள்" என்று இமாம் தக்பீருக்கு முன் ஒருமுறை சொன்னால் போதுமே.

அலைவரிசை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஊர்ப் பொதுக் குளம் போன்றது. கரையில் நிற்கும் காவலாளி கேள்வி கேட்பது எல்லோருக்கும் தண்ணீர் கிடைப்பதற்காகத்தான். வெளிநாட்டில் வாங்கும் முன், "இது இந்தியாவில் ஒப்புதல் பெற்ற மாடலா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.